போனைக் காட்டிப் பணம் கட்டுவது: ஆண்ட்ராய்டில் அமைப்பது எப்படி, உள்ளே நடப்பது என்ன

கார்டு மெஷின் பக்கத்தில் போனைக் கொண்டுபோகிறோம், 'பீப்' என்று ஒரு சத்தம், பணம் கட்டியாகிவிட்டது. கார்டை வெளியே எடுக்கவில்லை, எண் எதையும் அழுத்தவில்லை. இவ்வளவு சுலபமாக இருப்பதே பலரைத் தயங்க வைக்கிறது. நமக்குத் தெரிந்தே இத்தனை எளிதாகப் போகிற பணம், தெரியாமலும் போய்விடாதா? நியாயமான சந்தேகம்தான். அதற்கான பதில், இந்த வசதியை அமைக்கும்போது போன் நம்மிடம் கேட்கிற விஷயங்களிலேயே இருக்கிறது. ஸ்கிரீன் லாக் ஏன் கட்டாயம், வங்கியிலிருந்து ஏன் ஒரு குறியீடு வருகிறது, சில போன்களில் ஏன் ஆப் வேலை செய்ய மறுக்கிறது என்பதெல்லாம் புரிந்துவிட்டால், எதற்குப் பயப்பட வேண்டாம், எதற்குக் கட்டாயம் பயப்பட வேண்டும் என்பது தெளிவாகிவிடும். ஆகவே செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன்னால் கொஞ்சம் உள்ளே எட்டிப் பார்ப்போம்.

போனும் மெஷினும் பேசிக்கொள்ளும் விதம்

இதற்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பத்தின் பெயர் என்எஃப்சி. மிக நெருக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகள் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தகவல் பரிமாறிக்கொள்ளும் முறை இது. நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 2004-ல் இதற்கென என்எஃப்சி ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கின. ப்ளூடூத் மாதிரி அறை முழுக்க எட்டாது. நடைமுறையில் 4 சென்டிமீட்டர் அளவுக்குள் வந்தால்தான் பேச்சே ஆரம்பிக்கும். இந்தக் குட்டை எல்லை வேண்டுமென்றே வைத்தது. வரிசையில் பின்னால் நிற்பவரின் போன் தவறிப்போய் உங்கள் பில்லைக் கட்டிவிட முடியாது.

கார்டு மெஷின் தன்னைச் சுற்றி ஒரு சிறிய காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. காண்டாக்ட்லெஸ் பிளாஸ்டிக் கார்டுக்குள் பேட்டரி கிடையாது. அந்தப் புலத்திலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு கார்டில் இருக்கும் சிப் பதில் சொல்கிறது. போனும் இதே வேலையைத்தான் செய்கிறது. தன்னை ஒரு கார்டாகக் காட்டிக்கொள்கிறது. மெஷினைப் பொறுத்தவரை வந்தது கார்டா போனா என்பது பெரிய விஷயமில்லை. அதனால்தான் நான்கு வளைகோடுகள் போட்ட சின்னம் இருக்கிற மெஷின்களில், விற்பவர் புதிதாக எதையும் வாங்கி வைக்காமலேயே பெரும்பாலும் போனும் வேலை செய்துவிடுகிறது.

ஆண்ட்ராய்டில் இந்த வசதி இன்றைய நிலைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து வரப்போகும் முக்கியமான விஷயத்துக்கு அதுதான் வேர். கார்டுகளைப் போனில் சேர்த்து வைக்கும் வாலட் ஆப்பைக் கூகுள் 2011-ல் முதன்முதலில் கொண்டுவந்தபோது, கார்டுக்கான ரகசியங்கள் போனுக்குள் தனியாகப் பூட்டிய ஒரு பாதுகாப்பு சிப்பில் வைக்கப்பட்டன. அந்தச் சிப் யார் கட்டுப்பாட்டில் இருப்பது என்பதில் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் கூகுளுக்கும் இழுபறி. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் மூன்று சேர்ந்து தங்களுக்கென்று தனி வாலட்டே நடத்திப் பார்த்தன. 2013-ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 இந்த முடிச்சை அவிழ்த்தது. தனிச் சிப் தேவையில்லை, சாதாரண ஆப் ஒன்றே மெஷினுக்குக் கார்டு மாதிரி பதில் சொல்லலாம் என்று அது வழிவிட்டது. ஹோஸ்ட் கார்டு எமுலேஷன் என்று இதற்குப் பெயர். இன்று வங்கிகள்கூடத் தங்கள் ஆப்பிலேயே டேப் செய்யும், அதாவது போனை மெஷினில் காட்டிப் பணம் கட்டும், வசதியைக் கொடுக்க முடிகிறதென்றால் இதனால்தான்.

சரி, பூட்டிய சிப் கட்டாயம் இல்லையென்றால் கார்டு எண்ணை எங்கே பத்திரமாக வைப்பது?

கார்டு எண் போனில் இருப்பதில்லை

எங்கேயும் வைப்பதில்லை என்பதுதான் விடை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாலட் ஆப்பில் கார்டைச் சேர்க்கும்போது, விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் உங்கள் கார்டு எண்ணுக்குப் பதிலாக, பார்க்க அதே மாதிரி இருக்கும் வேறொரு எண்ணை உருவாக்குகிறது. இதை டோக்கன் என்கிறார்கள். அந்த டோக்கன் உங்களுடைய அந்த ஒரு போனோடு மட்டும் கட்டப்பட்டது. பணம் கட்டும்போது மெஷினுக்குப் போவது டோக்கன்தான், விற்பவரின் கணினியில் பதிவாவதும் அதுதான். இந்த டோக்கன் எந்தக் கார்டுக்குரியது என்ற விவரம் நெட்வொர்க்கிடமும் வங்கியிடமும் மட்டும் இருக்கும். சிப் கார்டுகளுக்கான ஈஎம்வி தரங்களை நிர்வகிக்கும் அமைப்பு 2014-ல் இதற்கான விதிமுறைகளை வெளியிட்ட பிறகு உலகம் முழுக்க இந்த முறை பரவியது.

டோக்கனை யாராவது திருடிவிட்டால்? அது மட்டும் கையில் இருந்து பயனில்லை. ஒவ்வொரு முறை டேப் செய்யும்போதும் போன் ஒரு ரகசியச் சாவியைப் பயன்படுத்தி, அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டுமே செல்லுபடியாகும் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டு டோக்கனோடு சேர்த்து அனுப்புகிறது. மெஷின் அந்த நொடியில் உருவாக்கிக் கொடுக்கும் ஒரு எண்ணும் இந்தக் கணக்கில் கலந்திருக்கும். ஆகவே ஒருமுறை வந்த குறியீட்டைப் பதிவு செய்து இன்னொரு முறை போட்டால் வங்கி நிராகரித்துவிடும்.

இதோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக் கார்டு எவ்வளவு வெளிப்படையானது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான கார்டுகளில் எண், காலாவதித் தேதி, பின்பக்க 3 இலக்க எண் எல்லாம் அச்சடித்தே இருக்கின்றன. கையில் வாங்குகிற யாரும் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். கார்டை இன்னொருவர் கையில் கொடுப்பதைவிடப் போனைக் காட்டுவது பாதுகாப்பானது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

டோக்கனைப் பற்றித் தெரிந்துகொண்டால் வேறு இரண்டு குழப்பங்களும் தீரும். ரசீதில் அச்சாகும் கடைசி 4 இலக்கங்கள் உங்கள் கார்டோடு பொருந்தாமல் இருக்கலாம். தவறு எதுவுமில்லை, அது டோக்கனின் கடைசி 4 இலக்கங்கள். அப்புறம், இன்டர்நெட் இல்லாத இடத்திலும் டேப் செய்தால் பணம் போகிறதே என்று வியப்பவர்கள் உண்டு. போன் சில பரிவர்த்தனைகளுக்குத் தேவையான சாவிகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது, வங்கியோடு பேசுவது மெஷினின் வேலை. ஆனால் போனை நெட்டே இல்லாமல் வைத்துத் தொடர்ந்து பயன்படுத்தினால் அந்தச் சாவிகள் தீர்ந்துபோகும், அப்போது ஒருமுறை நெட்டோடு இணைத்தாக வேண்டும்.

இனி அமைப்பது

முதலில் உங்கள் போனில் என்எஃப்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செட்டிங்ஸைத் திறந்து மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் என்எஃப்சி என்பதன் 3 ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். பட்டியலில் வந்தால் இருக்கிறது, ஆன் செய்துவிடுங்கள். எதுவும் வரவில்லையென்றால் அந்தப் போனில் இல்லை, எந்த ஆப்பைப் போட்டாலும் அதைக் கொண்டுவர முடியாது. ஒரே மாடல் ஒரு நாட்டில் என்எஃப்சியோடும் இன்னொரு நாட்டில் இல்லாமலும் விற்பதுண்டு. அதனால் நண்பரிடம் இருக்கும் அதே மாடலை வைத்து முடிவுக்கு வராமல் உங்கள் போனிலேயே தேடிப் பாருங்கள். புதிதாகப் போன் வாங்குகிறவர்களும் மாடல் பெயரோடு நிறுத்தாமல் பெட்டியில் இதைச் சரிபார்ப்பது நல்லது.

அடுத்தது ஆப். கூகுள் வாலட் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களுக்கு உரியது, டேப் செய்ய ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். சாம்சங் போன்களில் சாம்சங் வாலட்டும் உண்டு. சில வங்கிகள் தங்கள் சொந்த ஆப்பில் கொடுக்கின்றன. எந்த ஆப்பானாலும் உங்கள் நாட்டிலும் உங்கள் வங்கியிலும் அது இந்த வசதியைக் கொடுக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வாலட் ஆப் கிடைத்தும் டேப் செய்யும் வசதி மட்டும் வராத நாடுகள் இருக்கின்றன. கூகுள் பே என்ற பெயரும் நாட்டுக்கு நாடு வேறு வேறு வேலை செய்கிறது. சில இடங்களில் அது க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் ஆப், அதற்கும் நாம் இங்கே பேசும் என்எஃப்சி முறைக்கும் சம்பந்தமில்லை. உங்கள் வங்கியின் இணையதளத்தில் எந்த வாலட்டை ஆதரிக்கிறார்கள் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு இறங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மூன்றாவது ஸ்கிரீன் லாக். பின், பேட்டர்ன், பாஸ்வேர்டு, கைரேகை இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் வாலட் ஆப் கார்டை ஏற்காது. பலருக்கு இது தொந்தரவாகப் படுகிறது. ஆனால் பிளாஸ்டிக் கார்டிடம் இல்லாத ஒன்று போனிடம் இருக்கிறதென்றால் அது இதுதான். தொலைந்த கார்டை எடுத்தவர் குறிப்பிட்ட தொகை வரை பின் எண் இல்லாமலேயே டேப் செய்துவிட முடியும். பூட்டிய போனில் அது பொதுவாக முடியாது. வெறுமனே மேலே தள்ளினால் திறக்கிற ஸ்வைப் பூட்டாகாது. கைரேகையும், அதோடு 6 இலக்க பின்னும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பேட்டர்ன் வேண்டாம். பக்கத்தில் நிற்பவர் ஒருமுறை பார்த்தாலே மனதில் பதிந்துவிடும், திரையில் விரல் தடமும் தெரியும்.

இப்போது கார்டைச் சேர்க்கலாம். கூகுள் வாலட்டில் சேர்ப்பதற்கான பட்டனை அழுத்தி, பேமென்ட் கார்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேமராவில் கார்டைக் காட்டினால் எண்ணைத் தானே படித்துக்கொள்ளும், இல்லையென்றால் நீங்களே தட்டலாம். காலாவதித் தேதி, பின்பக்க 3 இலக்க எண் ஆகியவற்றையும் கேட்கும். பிறகு வங்கியின் நிபந்தனைகள் வரும், அவற்றை ஏற்க வேண்டும்.

அதற்குப் பிறகு வங்கி, உண்மையில் கேட்பது நீங்கள்தானா என்று உறுதி செய்யும். மெசேஜில் ஒரு குறியீடு, மின்னஞ்சல், வங்கி ஆப்பில் ஒரு ஒப்புதல், அல்லது வங்கிக்கு ஒரு போன் அழைப்பு என்று வங்கிக்கு வங்கி மாறும். இது முடிந்த பிறகுதான் உங்கள் போனுக்கான டோக்கன் பயன்பாட்டுக்கு வருகிறது. முழு அமைப்பிலும் மிக முக்கியமான நொடி இதுதான், இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கடைசியாக, டேப் செய்யும்போது எந்த ஆப் பதில் சொல்ல வேண்டும் என்று போனுக்குச் சொல்ல வேண்டும். செட்டிங்ஸில் காண்டாக்ட்லெஸ் பேமென்ட்ஸ் என்று தேடினால் வரும் இடத்தில் உங்கள் வாலட்டைத் தேர்ந்தெடுங்கள். புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் இது இயல்புநிலை ஆப்களின் பட்டியலில் வாலட் என்ற பெயரில் இருக்கும். இரண்டு மூன்று வாலட் ஆப்களை ஒரே போனில் போட்டுவிட்டு, மெஷின் முன்னால் எது திறக்குமோ என்று காத்திருப்பதைவிட ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது நிம்மதி. ஒரே ஆப்பில் பல கார்டுகள் வைக்கலாம். அவற்றில் ஒன்று இயல்புநிலைக் கார்டாக இருக்கும், வேறு கார்டு வேண்டுமென்றால் டேப் செய்வதற்கு முன் ஆப்பைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும், இந்தப் போன் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவில்லை என்று சிலருக்கு வரும். ரூட் செய்த போன் (முழுக் கட்டுப்பாட்டுக்காகப் பாதுகாப்பை உடைத்தது), பூட்லோடர் திறந்த போன் (போனைத் தொடங்கி வைக்கும் நிரலின் பூட்டை நீக்கியது), வேறு ரோம் ஏற்றிய போன் (நிறுவனம் கொடுக்காத ஆண்ட்ராய்டைப் போட்டது) ஆகியவற்றில் இது வழக்கம். கார்டுக்கான சாவிகளை ஆப் கையாள்வதால், அடியில் இருக்கும் ஆண்ட்ராய்டை யாரும் மாற்றவில்லை என்று அது நம்ப வேண்டியிருக்கிறது. இதைச் சுற்றிப் போக இணையத்தில் பல குறுக்குவழிகள் சொல்கிறார்கள். பணம் புழங்கும் போனில் அவை எதையும் முயல வேண்டாம். பழைய போன் ஏற்கனவே யாராவது ரூட் செய்ததாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், ப்ளே ஸ்டோரின் செட்டிங்ஸில் கடைசிப் பகுதியில் அந்தக் கருவி கூகுளின் பாதுகாப்புச் சோதனையான ப்ளே ப்ரொடெக்ட் சான்று பெற்றதா என்று பார்க்கலாம்.

முதல் தடவை டேப் செய்யும்போது

கூட்டம் இல்லாத நேரத்தில், சிறிய தொகைக்கு முயன்று பாருங்கள். திரையை எழுப்பி, போனைத் திறந்து, பின்பக்கத்தை மெஷினின் சின்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஆப்பைத் தேடித் திறக்க வேண்டியதில்லை, அதுவே வரும். தட்டிவிட்டு உடனே எடுக்காமல், திரையில் டிக் குறி வரும் வரை ஓரிரு நொடி அப்படியே பிடித்திருங்கள். பலருடைய முதல் முயற்சி தோற்பது இந்த அவசரத்தால்தான்.

எதுவுமே நடக்கவில்லையென்றால் ஆன்டெனா இருக்கும் இடம் மெஷினோடு சேரவில்லை என்று பொருள். போனைப் பொறுத்து அது பின்பக்கத்தின் நடுவிலோ கேமராவுக்குப் பக்கத்திலோ இருக்கும். போனை மெதுவாக நகர்த்திப் பார்த்தால் ஒரே நாளில் கைக்குப் பழகிவிடும். உலோகம் வைத்த உறையும் மிகத் தடித்த உறையும் அலையைத் தடுக்கும். உறைக்குள் காண்டாக்ட்லெஸ் கார்டைச் செருகி வைத்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். மெஷினுக்கு இரண்டு கார்டுகள் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் பரிவர்த்தனை தோற்கும், அல்லது நீங்கள் நினைக்காத கார்டிலிருந்து பணம் போகும்.

சில சமயம் போனைக் காட்டிய பிறகும் மெஷின் பின் எண் கேட்கும். நாட்டின் விதியையும் தொகையையும் பொறுத்தது இது. அங்கே போட வேண்டியது கார்டின் பின், போன் திறக்கும் பின்னை அங்கே தட்டாதீர்கள்.

எதற்குப் பயப்பட வேண்டும்

சட்டைப்பையில் இருக்கும் போனிலிருந்து யாரோ ஒரு மெஷினை உரசிப் பணம் எடுத்துவிடுவார்கள் என்பதுதான் பரவலான பயம். திரை அணைந்து பூட்டியிருக்கும் ஆண்ட்ராய்டு போன் பொதுவாக இப்படிப் பணம் கட்டாது. அதற்கு வருந்த வேண்டியதில்லை.

வருந்த வேண்டியது அந்த உறுதிப்படுத்தும் குறியீட்டைப் பற்றி. மேலே சொன்னபடி, கார்டு எண்ணும் அந்தக் குறியீடும் சேர்ந்தால் ஒரு போனில் டோக்கன் உருவாகிவிடும். அது யாருடைய போன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போலி இணையதளத்தில் உங்கள் கார்டு விவரத்தை வாங்கிக்கொண்டு, பார்சல் கட்டணம், அபராதம், கணக்குச் சரிபார்ப்பு என்று ஏதாவது காரணம் சொல்லி உங்களுக்கு வந்த குறியீட்டையும் கேட்டு வாங்கிவிட்டால், மோசடிக்காரர் தன் போனில் உங்கள் கார்டைச் சேர்த்துவிடுவார். அதன் பிறகு உங்களிடம் எந்தக் குறியீடும் கேட்காமல், உலகத்தின் வேறொரு மூலையில் டேப் செய்துகொண்டே போகலாம். எல்லாப் பாதுகாப்பும் அவருக்காக வேலை செய்யும்.

எனவே நீங்கள் கார்டைச் சேர்க்காத நேரத்தில் "உங்கள் கார்டை வாலட்டில் சேர்ப்பதற்கான குறியீடு" என்று மெசேஜ் வந்தால் அதை யாரிடமும் சொல்லாதீர்கள், உடனே கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணில் வங்கியை அழையுங்கள். மெசேஜை முழுக்கப் படிக்காமல் நடுவில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. குறியீடு எதற்காக வந்தது என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை பேசுங்கள்.

இன்னொரு வகை மோசடியையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் என்கேட் என்ற ஆண்ட்ராய்டு தீநிரலைப் பற்றி விவரம் வெளியிட்டது. செக் குடியரசின் வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்து வந்தது அது. வங்கி ஆப் போல நடித்து, கார்டைப் போனின் பின்னால் வையுங்கள், பின் எண்ணையும் போடுங்கள் என்று கேட்டது. வைத்தவுடன் கார்டின் என்எஃப்சி பேச்சை அப்படியே மோசடிக்காரரின் போனுக்கு அனுப்பிவிட்டது. ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து லிங்க் வழியாக வரும் எந்த 'வங்கி ஆப்'பையும் நிறுவாதீர்கள், கார்டைப் போனில் ஒட்டி வைக்கச் சொல்லும் மெசேஜை நம்பாதீர்கள்.

இந்த இரண்டையும் சீக்கிரம் கண்டுபிடிக்க எளிய வழி, வங்கியிலிருந்து ஒவ்வொரு செலவுக்கும் அறிவிப்பு வரும்படி வைத்திருப்பது. தொந்தரவாக இருக்கிறது என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

போன் தொலைந்தால், மாற்றினால், பொருளைத் திருப்பிக் கொடுத்தால்

போன் தொலைந்தால் வேறொரு கருவியிலிருந்து கூகுளின் ஃபைண்ட் ஹப் வழியாக அதைப் பூட்டலாம், முழுக்க அழிக்கவும் செய்யலாம். பழைய பெயர் ஃபைண்ட் மை டிவைஸ். இது வேலை செய்ய வேண்டுமென்றால் போன் கையில் இருக்கும்போதே அந்த வசதி ஆனில் இருக்க வேண்டும், ஆகவே இன்றே பார்த்துவிடுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். டோக்கன் தனி எண் என்பதால், பல வங்கிகள் அதை மட்டும் முடக்கிவிட்டு உங்கள் பிளாஸ்டிக் கார்டைத் தொடர்ந்து பயன்படுத்த விடும்.

புதிய போனுக்கு மாறும்போது கார்டுகள் தானாக வந்து டேப் செய்யத் தயாராகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். டோக்கன் பழைய போனுக்கானது, புதியதில் மறுபடி வங்கி உறுதி செய்ய வேண்டும். ஸ்மார்ட் வாட்சிலும் அப்படித்தான், அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய போனை விற்பதற்கு முன் வாலட்டில் இருக்கும் கார்டுகளை நீக்கிவிட்டு, பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கும்போது மெஷின் தேடுவது அதே டோக்கனை. ஆகவே பணம் கட்டிய அதே போனை எடுத்துப் போய்க் காட்டுங்கள். கடைசி 4 இலக்கம் கேட்டால் பிளாஸ்டிக் கார்டைப் பார்த்துச் சொன்னால் பொருந்தாது. வாலட் ஆப்பில் அந்தக் கார்டைத் திறந்து விவரங்களுக்குள் போனால் டோக்கனின் கடைசி 4 இலக்கங்கள் தனியாக இருக்கும், அவற்றைச் சொல்லுங்கள்.